அப்பத்தாவின் தொழில்

அன்புள்ள அம்மா,

என் அப்பத்தா சென்ற கார்த்திகையில் 94 வயதில் காலமானார். தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, ஐந்து பிள்ளைகளை ஆளாக்கியவர். கோபக்காரர். சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். பழைய கண்டாங்கிச் சேலைகளை அடுக்கி, கையாலேயே போர்வை தைப்பார். 11 போர்வைகள் மிஞ்சியிருக்கின்றன. பேரப்பிள்ளைகள் பிரித்துக்கொள்வதா, அருங்காட்சியகம் எதற்காவது கொடுப்பதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அமெரிக்காவில் கீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்களின் போர்வைகள் நியூயார்க் வரை காட்சிக்குப் போயிருப்பதாகப் படித்தேன். முதலாண்டு நினைவுக்கு ஒரு மலர் போடுகிறோம். அதற்காக எழுதிய நான்கு பக்கங்களை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் வாசகி, சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

போர்வைகளைப் பிரிப்பதா கொடுப்பதா என்பது உங்கள் குடும்பத்து விவகாரம். யாரிடம் இருந்தாலும் ஈரம் படாமல் வைத்து, மடிப்பை அவ்வப்போது மாற்றச் சொல்லுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் பருத்தி அந்த இடத்திலேயே இற்றுப்போகும்.

நான் பதில் எழுதக் காரணம் அந்த நான்கு பக்கங்கள். கடிதத்தில் அப்பத்தா உயிரோடு இருக்கிறார். மலருக்கான பக்கங்களில் அவரைக் காணவில்லை. ‘உழைப்பின் சிகரம்’, ‘தியாகத் திருவுருவம்’, ‘குலவிளக்கு’ என்கிறீர்கள். இவற்றை எந்த ஊர்ச் சுவரொட்டியில் யார் படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்தும். சிரித்தால் தெருமுனை வரை கேட்கும் என்று எனக்கு எழுதிய கைக்கு, மலரில் மட்டும் என்ன தயக்கம்? கோபத்தையும் எடுத்துவிட்டீர்கள். 94 வருடம் வாழ்ந்த ஒரு மனுஷிக்குக் கோபம் வராமலா இருந்திருக்கும்? எதற்குக் கோபப்பட்டார், யார் மேல் கோபப்பட்டார் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது: ‘இல்லத்தரசியாக இருந்தும் வயல் வேலைகளில் கணவருக்கு உதவியாக இருந்தார்.’ இதைப் படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. யாருக்கு யார் உதவி?

நம் பக்கம் காவிரிக்கரை இல்லை. கண்மாயை நம்பிய பூமி. ஆடி, ஆவணியில் காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பாக நெல்லைத் தூவிவிட்டு, ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். மழை பிந்தினால் பயிரை முந்திக்கொண்டு களை எழும்பும். அந்தக் களையைக் குனிந்து குனிந்து பிடுங்கியது யார்? தையில் அறுத்துக் கட்டி, தலையில் சுமந்து களத்தில் சேர்த்தது யார்? அடுத்த வருடத்து விதைநெல்லைக் காயவைத்து, வேப்பிலை போட்டு, பிள்ளைகள் பசித்து அழுதாலும் அதில் கைவைக்காமல் காத்தது யார்? மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதும், எருச் சுமந்ததும், கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்ததும் யார்? இத்தனையும் செய்தவரை ரேஷன் அட்டை விவசாயி என்று சொல்லவில்லை. அந்தத் தலைமுறையில் தன் பெயரில் பட்டா வைத்திருந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சர்க்கார் காகிதம் எழுதாமல் விட்டதைப் பேத்தியாவது எழுத வேண்டாமா? உங்கள் அப்பத்தா விவசாயி. முதல் வரியிலேயே அதை எழுதுங்கள். உதவியாக இருந்தவர் தாத்தாவாகவும் இருந்திருக்கலாம். விசாரித்துப் பாருங்கள்.

காரைக்குடிப் பக்கத்தில் என் அம்மாச்சியும் இப்படித்தான். களத்து வேலை முடிந்து, வைக்கோல் போர் போட்ட பிறகு, மாசி பங்குனி மதியங்களில் திண்ணையில் சேலைகளை விரிப்பாள். துவைத்துத் துவைத்துக் கஞ்சியெல்லாம் போய் மெத்தென்று ஆன கண்டாங்கிகள். நான்கு மடிப்பு அடுக்கி, மூலைக்கொரு கல் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீள நீளமாக முதல் தையல் ஓட்டுவாள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி சுருக்கிக்கொள்ளும். பிறகு நெருக்கமாக நூலோட்டம். வலக்கையில் ஊசி மேலே ஓடும்போது இடக்கை துணிக்கு அடியில் இருக்கும். ஊசிமுனை விரலில் தட்டினால்தான் நான்கு மடிப்பிலும் நூல் இறங்கியதாக அர்த்தம். அந்த விரல்நுனி காய்த்துப்போயிருந்தது. தட்டாத தையலைப் பல்லால் கடித்துப் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டுவாள். சேலையின் அகலக் கரை கடைசியில்தான் கிழியும் என்பதால் அதைத் தனியே வெட்டிச் சுற்றிலும் கட்டுவாள். நான் ஒருநாள் அவசரமாகத் தைத்த ஒரு முழத்தை ஒரு வார்த்தை பேசாமல் முழுவதும் பிரித்துப்போட்டாள். நான் அழுதேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

துணியை இப்படிப் போற்றியதற்குக் காரணமும் உண்டு. உங்கள் அப்பத்தா 1930 வாக்கில் பிறந்திருப்பார். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. அங்கிருந்து வந்த பணத்தால் நிமிர்ந்த செட்டியார்களின் பெரிய வீடுகள் ஒடுங்கின. அவர்களை அண்டியிருந்த ஊர்களிலும் கை இறுகியது. 1943இல் துணிக்கும் நூலுக்கும் அரசு கட்டுப்பாடு வந்தது. பெண் வளரும் வயதில் மாற்றுச்சேலைக்குத் தட்டுப்பாடு என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கும். மலரில் இதில் ஒரு வரி இல்லை.

காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். அந்த ஊர் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூண், மரப்பெட்டி, எனாமல் பாத்திரம் எல்லாம் பார்த்திருக்கிறேன். தைத்த போர்வை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. செட்டிநாடு என்றால் ஆயிரம் ஜன்னல் வீடு என்று எழுதி எழுதியே, அந்த வீடுகளுக்கு நெல் கொடுத்த ஊர்களை மறந்துவிட்டோம். கண்டாங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கியவர்களைப் பற்றி யார் எழுதியிருக்கிறார்கள்?

நீங்கள் சொன்ன கீஸ் பெண்டுக்கு வருகிறேன். அலபாமா மாநிலத்தில் பருத்திக்காட்டில் பாடுபட்ட கறுப்பினப் பெண்களின் ஊர் அது. 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அந்தப் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. நீங்கள் நியூயார்க்கைப் பார்க்கிறீர்கள். நான் பார்ப்பது வேறு. அங்கே போர்வைக்குப் பக்கத்தில் தைத்தவர் பெயர், வருடம், என்ன துணி என்று எழுதியிருக்கிறார்கள். மிசௌரி பெட்வே என்ற பெண் 1942இல் ஒன்று தைத்தார். கணவர் இறந்ததும், அவர் வயலுக்குப் போட்டுக்கொண்டுபோன துணிகளைக் கிழித்துத் தைத்தது. மகள் வாய்திறந்து சொன்னதால்தான் அது நமக்குத் தெரிகிறது.

உங்கள் பெரிய அத்தைக்கு 75 வயது, ஊரிலேயே இருக்கிறார் என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே பஸ் ஏறுங்கள். 11 போர்வைகளையும் ஒவ்வொன்றாக அவர் மடியில் விரித்து, எந்தச் சேலை, யார் கட்டியது, எந்த வருடத்து அறுவடைக்கு எடுத்தது, எந்தப் பிள்ளைக்குத் தைத்தது என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பிறகு ஒரு துண்டு நாடாவில் அதை எழுதிப் போர்வையின் பின்பக்கத்தில் தைத்துவிடுங்கள். பிரித்துக்கொள்வதெல்லாம் அதற்கப்புறம். மலர் ஒரு மாதம் தள்ளிப்போனால் யாரும் கோபிக்க மாட்டார்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். ‘தியாகம்’ என்று எங்காவது கண்ணில் பட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்