ஆஸ்திரேலியாவில் 'ஹூன்' சட்டத்துக்காகப் போலீஸ் நேரத்தை வீணடிக்கிறதா?

ரோட்டில் பந்தயம், வித்தை என்று ஆபத்தாக வண்டி ஓட்டுபவரை அங்கே 'ஹூன்' என்பார்கள்; அப்படி ஓட்டிய வண்டியைப் பறிமுதல் செய்வதுதான் இந்தச் சட்டம். போலீஸ் திருட்டை விட்டுவிட்டுக் கார்ப் பையன்களைத் துரத்துகிறார்கள் என்பதுதான் வழக்கமான புகார். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, விக்டோரியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே 2006-இல் வந்தபோது 48 மணி நேரப் பறிமுதல்தான். இப்போது முதல் தடவையே 30 நாள். வேக வரம்பைவிட மணிக்கு 45 கி.மீ. அல்லது அதற்கு மேல் போனாலும், வேண்டுமென்றே டயரை வழுக்கவிட்டுப் புகை கிளப்பினாலும் (இதுதான் 'பர்ன்அவுட்') வண்டி பறிமுதல். வண்டியை இழுத்துப்போனதற்கும் நிறுத்திவைத்ததற்கும் கட்டணம் கட்டினால்தான் திரும்பக் கிடைக்கும். குயின்ஸ்லாந்தில் பந்தயம், பர்ன்அவுட் போன்றவற்றுக்கு 90 நாள். ஐந்து ஆண்டுக்குள் மறுபடி சிக்கினால் வண்டியே அரசுக்கு.

சிக்கல் பிடிப்பதில்தான். நள்ளிரவில் தொழிற்பேட்டையில் கூட்டம் சேரும். யாராவது புகார் சொல்லி ரோந்து வண்டி வருவதற்குள் ரோட்டில் டயர்த் தடம்தான் மிஞ்சும். துரத்தினால் விபத்து. அதனால் நம்பர் பிளேட்டும் வீடியோவும் கிடைத்தால் பிறகு வீட்டுக்குப் போய் வண்டியை எடுப்பதே புத்திசாலித்தனம். துரத்தலைவிட ஆளும் நேரமும் குறைவு.

இன்னொரு கோளாறு: ஓட்டியவர் மேல் வழக்கு வந்தாலும், வண்டி யாருடையதாக இருந்தாலும் பறிமுதல் ஆகலாம். 2010-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஒரு டாக்டரின் லம்போர்கினியை மெக்கானிக் வேகமாக ஓட்டிச் சிக்கினார். 28 நாள் கார் உள்ளே, தவறே செய்யாத உரிமையாளர் வெளியே. வேலைக்குப் போகும் அப்பாவின் காரை மகன் ஓட்டினாலும் இதே கதி. விக்டோரியாவில் கடும் இன்னல் என்று காட்டி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விடுவிக்கக் கேட்கலாம்; வேலை, மருத்துவத் தேவைக்கான கடிதங்களோடு போங்கள், வெறும் 'கஷ்டமாயிருக்கு' எடுபடாது.