பெருவீக்கத்தில் பிறந்த துகள்கள் எங்கே போயின?

கேள்வி: பேரண்டம் தோன்றிய தொடக்கக் கணத்தில் படுவேகமாக வீங்கியது என்கிறார்கள். அப்போது புதிய துகள்கள் உண்டாகியிருந்தாலும் அந்த வீக்கத்திலேயே காணாமல் போயிருக்குமே, பிறகு எதை வைத்துத் தேடுகிறார்கள்?

பதில்: சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். காணாமல்தான் போயிருக்கும். பெருவீக்கத்தில் நீளங்கள் சுமார் 10²⁶ மடங்கு நீண்டன என்று வைத்துக்கொண்டால், கன அளவு 10⁷⁸ மடங்கு. அவ்வளவு இடத்தில் பரவிய பிறகு, தொடக்கத்தில் பிறந்த துகள் ஒன்றுகூட நம் கைக்கு எட்டாது. ஆனால் துகள் போனாலும், அது பிறந்தபோது நடந்த கொடுக்கல் வாங்கல் பதிவாகிவிடும், தேடுவது அதைத்தான்.

விண்வெளி விரிவதே துகள்களை உண்டாக்கலாம் என்று 1939-லேயே இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் கவனித்துவிட்டார், 1960-களில் இன்னொரு இயற்பியலாளர் லியோனார்ட் பார்க்கர் அதை முறையாகக் கணக்கிட்டார். பெருவீக்கத்துக்கு வந்தால் கதை இன்னும் சுவாரசியம். வீக்கத்தை நடத்துவது இன்ஃப்ளேட்டான் என்ற, வெளியெங்கும் பரவிய ஒரு புலம். அதன் மதிப்பு, சரிவில் பந்து போல, மெல்ல உருண்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. வேறொரு துகளின் நிறை அந்தப் புலத்தின் மதிப்பைப் பொறுத்தது என்று வையுங்கள். ஒரு குறிப்பிட்ட மதிப்பைக் கடக்கும்போது அந்த நிறை பூஜ்யத்தைத் தொட்டு மறுபடி ஏறுகிறது. இது மிக வேகமாக நடப்பதால் வெற்றிடத்தால் ஈடுகொடுக்க முடியாமல், அதுவரை இல்லாத துகள்கள் திமுதிமுவென்று பிறக்கின்றன. அதற்கான ஆற்றல் எங்கிருந்து வரும்? இன்ஃப்ளேட்டானிடமிருந்துதான். அதனால் அதன் ஓட்டம் சற்றுத் தடுமாறும், புதிதாகப் பிறந்த துகள்களும் அதை உலுக்கிவிட்டுத்தான் நீர்த்துப்போகும்.

இந்தத் தடுமாற்றம் ஏன் முக்கியம் என்றால், பிற்காலத்தில் விண்மீன் மண்டலங்களாக வளர்ந்த அடர்த்தி ஏற்ற இறக்கங்கள் இன்ஃப்ளேட்டானின் குவாண்டம் நடுக்கத்திலிருந்து வந்தவை. பெருவீக்கத்தின் ஒவ்வொரு கட்டமும் வானில் வெவ்வேறு அளவுத் திட்டுகளாகப் பதிந்திருக்கிறது, முந்தைய கட்டம் என்றால் பெரிய திட்டு. ஆகவே ஒரே ஒரு கட்டத்தில் துகள் வெடித்துக் கிளம்பியிருந்தால், எந்த அளவுத் திட்டில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று காட்டும் வரைபடத்தில் ஒரே ஒரு அளவில் மட்டும் ஒரு மேடு தெரிய வேண்டும். துகள் மிகக் கனமாகவும் மிக அரிதாகவும் இருந்தால் வேறு மாதிரி: அவை ஜோடியாகப் பிறப்பதால் வானில் பக்கத்துப் பக்கத்தில் இரட்டைப் புள்ளிகள். எனக்கு இந்த இரண்டாவது தடயம்தான் மிகவும் பிடித்தது, ஏனென்றால் ஒரு தனி ஜோடித் துகள் பிறந்த இடத்தையே அது சுட்டிக்காட்டும்.

பேரண்டத்தின் இளமைக்காலத்திலிருந்து மிஞ்சி வானெங்கும் நிறைந்திருக்கும் பின்னணி நுண்ணலைக் கதிர்வீச்சின் ஏற்ற இறக்கங்களை பிளாங்க் செயற்கைக்கோள் அளந்தது: அக்கதிர்வீச்சின் சராசரி வெப்பநிலை 2.725 கெல்வின், அதில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஏற்ற இறக்கம். வரைபடம் கிட்டத்தட்ட வழவழப்பாக இருக்கிறது. மேடோ இரட்டைப் புள்ளியோ உறுதியாக எதுவும் இதுவரை சிக்கவில்லை. அதற்காகத் தேடல் வீண் என்று சொல்லிவிட முடியாது. மேடு இல்லாததை வைத்தே, இன்ஃப்ளேட்டான் மற்றப் புலங்களோடு எவ்வளவு வலுவாகப் பிணைந்திருக்கலாம் என்பதற்கு வரம்பு போட முடிகிறது, வேறு எந்த ஆய்வுக்கூடமும் தொட முடியாத ஆற்றலில்.

கேள்வி: அப்படியானால் நம் உடலில் உள்ள அணுக்களின் மூலப்பொருளும் அப்போதே உண்டானதா?

பதில்: இல்லை, அது வீக்கம் முடிந்த பிறகு. இன்ஃப்ளேட்டானில் மிச்சமிருந்த ஆற்றல் முழுவதும் சிதைந்து சூடான துகள் குழம்பாக மாறிய கட்டத்தை மறுசூடாக்கம் என்பார்கள். நம்முடைய பொருள் அந்தக் குழம்பிலிருந்து வந்தது.