பதினைந்து வயதில் ஐஸ் ஹாக்கி பையனுக்கு எந்தப் பாதை?

மிச்சிகன் மாநிலம் நோவையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். கடிதம் நீளம், சாரம் இதுதான்: "மகனுக்குச் சீக்கிரம் 16 ஆகப்போகிறது. டிரிபிள் ஏ (இளையோர் கிளப் ஹாக்கியின் உயர்ந்த நிலை) அணியில் டிஃபென்ஸ் ஆடுகிறான். பிளிமத்தில் இருக்கும் தேசிய அணித் திட்டத்துக்கு அவனை எடுக்கவில்லை, இரண்டு நாள் சாப்பிடவில்லை. கனடிய ஜூனியர் லீக்கான ஓஎச்எல்லின் டிராஃப்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாக ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது) பதிமூன்றாவது சுற்றில் ஓர் அணி அவன் பெயரை எடுத்தது. நடுவில் வெளி மாநில ஜூனியர் அணி ஒன்று, வருடக் கட்டணம் கட்டினால் இடம் உறுதி என்று தினமும் போன் செய்கிறது. வீட்டுக்காரர் 'ஆடினது போதும், படிக்கட்டும்' என்கிறார். இவன் தொழில்முறை ஆட்டக்காரன் ஆவானா, ஆவதென்றால் எந்த வழியில்?"

ஆவானா என்பதை இந்த வயதில் யாராலும் சொல்ல முடியாது. அப்படி அடித்துச் சொல்கிறவர் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் என்பதற்குப் பதில் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக இளையோர் அணிகளுக்குப் பயிற்சி தருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன், கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிளிமத் விஷயம். தேசிய அணி மேம்பாட்டுத் திட்டம் 1996-இல் ஆன் ஆர்பரில் தொடங்கியது, 2015-இல் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பிளிமத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு பிறப்பு வருடத்திலும் நாடு முழுக்கத் தேடி இருபது சொச்சம் பையன்களைத்தான் எடுக்கிறார்கள். அவர்கள் அமெரிக்கக் கொடியோடு சர்வதேசப் போட்டிகளில் ஆடுவதால் குடியுரிமை வேண்டும், எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. அங்கே நுழைந்தால் பாதை சுருக்கம் என்பது உண்மை. 2019-இல், உச்சத் தொழில்முறை லீக்கான என்எச்எல்லின் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே அந்த ஒரே அணியிலிருந்து எட்டுப் பேர் போனார்கள், முதல் இடம் ஜாக் ஹியூஸ். ஆனால் அதே ஜாக் ஹியூஸ் பதினெட்டு வயதில் நியூ ஜெர்சிக்கு ஆடிய முதல் சீசனில் 61 ஆட்டத்தில் ஏழே கோல்தான் போட்டார். நாட்டிலேயே முதல் பையனுக்கு அந்தக் கதி என்றால் மற்றவர்களுக்கு அவசரம் எதற்கு?

இப்போது உங்கள் ஊரிலிருந்து இருபது நிமிடத்தில் இருக்கும் காமர்ஸ் பக்கம் வாருங்கள். என்எச்எல் கோல்காப்பாளர் கானர் ஹெல்லபக் அங்கே வளர்ந்தவர். பெரிய டிரிபிள் ஏ அணிகளில் ஆடாமல் வால்ட் லேக் நார்தர்ன் உயர்நிலைப் பள்ளிக்கு கோல் காத்தார். தேசியத் திட்டமும் இல்லை, முதல் நிலை ஜூனியர் லீக்கான யுஎஸ்எச்எல்லும் இல்லை. பள்ளி முடிந்து டெக்சாஸில் ஒடெஸா என்ற எண்ணெய்க் கிணற்று ஊரில், இரண்டாம் நிலை ஜூனியர் லீக்கான என்ஏஎச்எல்லில் ஒரு வருடம் ஆடினார். ஐஸ் ஹாக்கிக்கு டெக்சாஸ் போவது பனை மரத்தில் மாங்காய் தேடுவது மாதிரிதான் தெரியும். 2012-இல் ஐந்தாவது சுற்றில், 130-ஆவது ஆளாக வின்னிபெக் அவரை எடுத்தது. மாசசூசெட்ஸ் லோவெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம், அப்புறம் என்எச்எல்லுக்கு ஒரு படி கீழே இருக்கும் ஏஎச்எல். 2015 நவம்பரில், 22 வயதில்தான் என்எச்எல்லில் முதல் ஆட்டம். பிறகு 2020, 2024, 2025 என மூன்று முறை சிறந்த கோல்காப்பாளருக்கான வெஸினா கோப்பை, 2025-இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதான ஹார்ட். கோலிகள் மெதுவாகத்தான் முதிர்வார்கள், டிஃபென்ஸ் ஆடுகிறவர்களுக்கும் முன்வரிசைக்காரர்களைவிட நேரம் பிடிக்கும். உங்கள் மகன் டிஃபென்ஸ், அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொன்னேன்.

சரி, கட்டணம் கேட்கும் அணிக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த ஒரு வரிதான். இந்த விளையாட்டில் ஒரு கட்டம் வரை பெற்றோர் பணத்தை இறைத்துக்கொண்டே இருக்கிறோம். ரிங்க் வாடகை, ஹோட்டல், வருடா வருடம் கால் வளர வளரப் புது ஸ்கேட், முந்நூறு டாலருக்கு மேல் விற்கும் ஸ்டிக் ஒரே ஷாட்டில் முறிவது, இதெல்லாம் நீங்கள் அறியாததில்லை. ஜூனியர் நிலைக்கு வந்ததும் அது திரும்ப வேண்டும். உண்மையில் உங்கள் பையன் வேண்டும் என்று நினைக்கிற அணி உங்களுக்காகச் செலவு செய்யும். யுஎஸ்எச்எல்தான் அமெரிக்காவின் ஒரே முதல் நிலை ஜூனியர் லீக், அங்கே ஆட ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை, உபகரணம் முதல் தங்குமிடம் வரை அணி பார்த்துக்கொள்ளும். பையன் டூபியூக், வாட்டர்லூ மாதிரி அயோவாச் சோளக்காட்டு ஊர்களில், பில்லட் குடும்பம் என்று சொல்கிற ஒரு வீட்டில் தங்கி, உள்ளூர்ப் பள்ளியில் படித்துக்கொண்டு ஆடுவான். என்ஏஎச்எல்லிலும் ஆடக் கட்டணம் கிடையாது, தங்கும் வீட்டுக்கு மாதாமாதம் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். மூன்றாம் நிலை ஜூனியரில்தான் வருடக் கட்டணம். அங்கே நல்ல பயிற்சியாளர்களே இல்லை என்று சொல்ல மாட்டேன், அங்கிருந்து மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளுக்கு (கல்லூரி விளையாட்டின் கீழ்ப்பிரிவு) போய் நன்றாக ஆடுகிற பிள்ளைகள் நிறைய. ஆனால் மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை கிடையாது. பத்தொன்பது வயதில் எடுக்க வேண்டிய முடிவு அது. பதினைந்து வயதுப் பையனிடம் போய் 'இடம் உறுதி' என்று தினமும் போன் செய்கிற அணிக்கு வேண்டியது உங்கள் காசோலை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் வீட்டின் மேல் கடன் வாங்கி அனுப்பியது, பையன் பாதி ஆட்டங்களை டை கட்டிக்கொண்டு கேலரியில் உட்கார்ந்து பார்த்தான். வேண்டாம்.

அடுத்தது ஓஎச்எல். இங்கேதான் விதியே மாறியிருக்கிறது, போன தலைமுறைப் பெற்றோர் சொல்லும் அறிவுரையை அப்படியே கேட்காதீர்கள். முன்பு கனடிய ஜூனியர் லீக்குகளில், அதாவது ஓஎச்எல், டபிள்யூஎச்எல், கியூபெக் லீக் மூன்றிலும், ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் சிறு தொகையைக் காரணம் காட்டி அவர்களைத் தொழில்முறைக்காரர்கள் என்று, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ ஒதுக்கிவிடும். பதினாறு வயதில் அங்கே போனால் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக் கதவு மூடிவிடும். பஃபலோவில் பிறந்த பேட்ரிக் கேன் ஓஎச்எல் அணியான லண்டன் நைட்ஸுக்கு ஆடி 2007-இல் என்எச்எல்லில் முதல் இடத்தில் டிராஃப்ட் ஆனவர். அவரைப் போன்றவர்கள் கல்லூரியை விட்டுக்கொடுத்துத்தான் அந்தப் பக்கம் போனார்கள். 2024 நவம்பரில் என்சிஏஏ இந்தத் தடையை நீக்க வாக்களித்தது, 2025 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறை. இப்போது ஒரு பையன் ஓஎச்எல் அணிகள் இருக்கும் சாகினாவிலோ ஃபிளிண்டிலோ, ஆற்றுக்கு அந்தப் பக்கம் விண்ட்ஸரிலோ இரண்டு வருடம் ஆடிவிட்டு மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போகலாம். என்எச்எல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவரை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் பையன்களுக்குக் கனடா திறந்த அன்றே கனடியப் பையன்களுக்கும் அமெரிக்கக் கல்லூரி திறந்துவிட்டது. ஆண்கள் முதல் பிரிவில் ஹாக்கி அணி வைத்திருப்பவை அறுபது சொச்சம் கல்லூரிகள்தான். இருக்கிற இடம் அதே, வரிசை மட்டும் நீண்டுவிட்டது. முதல் வருடக் கல்லூரி ஆட்டக்காரர்களில் பலருக்கு 19, 20 வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து ஓரிரு வருடம் ஜூனியர் ஆடிவிட்டு வருவது இங்கே சர்வசாதாரணம். 'வருடம் வீணாகிறதே' என்று நம் வீடுகளில் பதறுவோம், ஹாக்கியில் அப்படி யாரும் பார்ப்பதில்லை.

பதிமூன்றாவது சுற்று என்றால் என்ன அர்த்தம்? அந்த அணிக்கு ஓஎச்எல்லில் உங்கள் மகன்மேல் உரிமை இருக்கிறது, அவனுக்கு எந்தக் கடமையும் இல்லை. முதல் சுற்றுப் பையனுக்கு அணியில் இடம் காத்திருக்கும், பதிமூன்றாவது சுற்றுப் பையன் பயிற்சி முகாமில் போய் அடித்துப் பிடிக்க வேண்டும். முகாமுக்குப் போகட்டும், தன்னைவிட மூன்று வயது பெரியவன் மோதும்போது பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) எவ்வளவு சீக்கிரம் கைமாற்ற முடிகிறது என்று அவனுக்கே தெரிந்துவிடும். ஒப்பந்தம் நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். ஓஎச்எல்லில் ஆடும் சீசனுக்கு ஒரு வருடம் என்ற கணக்கில் படிப்புச் செலவு தருகிறார்கள். அது எத்தனை வருடத்துக்குள் பயன்படுத்த வேண்டும், எந்தக் கல்லூரிக் கட்டணம் வரை, நடுவில் விடுவித்துவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை இங்கே செல்லாது.

என்எச்எல் டிராஃப்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 32 அணிகள், ஏழு சுற்று, மொத்தம் 224 பெயர். அந்த வருடம் செப்டம்பர் 15-க்குள் 18 முடிந்திருக்க வேண்டும். அரிஸோனாவில் வளர்ந்த ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டே நாளில் ஒரு வருடம் தள்ளிப்போனது. அவர் சும்மா இருக்காமல் சூரிச்சுக்குப் போய் பெரியவர்கள் லீக்கில் சம்பளத்துக்கு ஆடிவிட்டு 2016-இல் முதல் இடத்தில் டொராண்டோவுக்கு வந்து, முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல் போட்டார். டிராஃப்டில் பெயர் வந்தால் நம்மவர்கள் கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்த மாதிரி வாழ்த்து அனுப்புவார்கள். வேலை கிடைத்ததாக அர்த்தமில்லை. ஒப்பந்தம் போட அந்த ஒரு அணிக்கு மட்டும் உரிமை, அவ்வளவே. பையன் கல்லூரியிலோ ஜூனியரிலோ ஆடிக்கொண்டே இருப்பான், கோடையில் அணி நடத்தும் முகாமுக்குப் போய்வருவான். பெயர் வராவிட்டாலும் முடிந்துவிடவில்லை. உங்கள் பக்கத்து லிவோனியாக்காரர் டோரி குரூக், ஐந்தடி ஒன்பது அங்குல டிஃபென்ஸ்மேன். எந்தச் சுற்றிலும் யாரும் எடுக்கவில்லை. மிச்சிகன் ஸ்டேட்டில் ஆடி, 2012-இல் நேராக பாஸ்டனோடு ஒப்பந்தம் போட்டார். உயரத்தைப் பற்றி வீட்டில் கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்களே, அதற்காகவும்தான் சொல்கிறேன்.

பணம்? 18-லிருந்து 21 வயதுக்குள் போடும் முதல் ஒப்பந்தம் மூன்று வருடம். 2025-இல் டிராஃப்ட் ஆனவர்களுக்கு வருடச் சம்பளத்தின் உச்சவரம்பு 9,75,000 டாலர். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் அது என்எச்எல் அணியில் இருக்கும் நாட்களுக்கு. கீழே ஏஎச்எல்லுக்கு அனுப்பினால் சம்பளம் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. மேலே கீழே போய்வருவது அவமானமும் இல்லை. கோல் காஃபீல்ட் விஸ்கான்சினில் கல்லூரி ஹாக்கியின் மிக உயர்ந்த ஹோபி பேக்கர் விருது வாங்கி, மாண்ட்ரியலோடு என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதிவரை ஆடிவிட்டு, அதே 2021-இல் நவம்பரில் ஏஎச்எல் அணியான லாவாலுக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்தார். அதற்கும் கீழே இசிஎச்எல், அங்கே வாரச் சம்பளம், தங்க அணி இடம் தரும், பஸ்ஸிலேயே பாதி வாழ்க்கை. பெரும்பாலான 'தொழில்முறை ஹாக்கி ஆட்டக்காரர்கள்' இந்த இரண்டு லீக்கிலும், பிறகு ஜெர்மனி, ஸ்வீடன் பக்கமும்தான் பிழைக்கிறார்கள். இசிஎச்எல் அணி இருக்கும் டொலிடோ உங்களுக்கு ஒரு மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிப்போய் அந்த ஊரின் வால்ஐ அணியின் ஆட்டத்தைக் காட்டுங்கள், ஆட்டம் முடிந்ததும் பஸ் நிற்கும் பின்வாசலையும் காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகும் 'எனக்கு இது வேண்டும்' என்றால் அந்த ஆசையை மதிக்கலாம்.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. படிப்பா ஹாக்கியா என்று அவர் பிரித்துப் பேசுகிறார், அமெரிக்காவில் இந்த இரண்டும் ஒரே கதவில்தான் மாட்டியிருக்கின்றன. முதல் பிரிவில் ஆட 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் நான்குக்கு 2.3 சராசரியும் குறைந்தபட்சம் வேண்டும். 2.3 சட்டத்துக்குத்தான், 3.5 வைத்திருக்கும் பையனுக்கு ஐவி லீக் கல்லூரிகளும் திறந்திருக்கும். அங்கே விளையாட்டு உதவித்தொகை கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. அவர் படிக்கச் சொல்வதை நிறுத்த வேண்டாம், ஸ்கேட்டைக் கழற்றச் சொல்வதை மட்டும் நிறுத்தட்டும்.

ஆக, இந்த வருடம் வீட்டிலேயே இருந்து டிரிபிள் ஏ ஆடட்டும். ஓஎச்எல் முகாமுக்குப் போய்வரட்டும். அடுத்த வசந்தத்தில் யுஎஸ்எச்எல் டிராஃப்ட் வரும், பெயர் வந்தால் அந்த முகாமுக்கும் போகட்டும். பத்தாம் வகுப்பு ஜனவரி 1-க்குப் பிறகு கல்லூரிப் பயிற்சியாளர்கள் நேரடியாகப் பேசலாம். உங்கள் மாநிலத்திலேயே முதல் பிரிவு அணிகள் ஏழு, அவற்றில் வெஸ்டர்ன் மிச்சிகன்தான் 2025 சாம்பியன். அந்தக் கல்லூரிகளுக்கு மதிப்பெண் பட்டியலோடு பையனே மின்னஞ்சல் எழுதட்டும், அப்பா எழுதினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆலோசகர் என்று யாராவது முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். அந்தக் கட்டண அணிக்கு இன்றைக்கே 'வேண்டாம்' என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கும் போன் செய்வார்கள்.