புரூசெல்லா ரத்தப் பரிசோதனை: மூன்றில் எதற்குப் பணம் கட்டுவது?

கேள்வி: எங்கள் ஆடுகளில் இரண்டு அடுத்தடுத்துக் குட்டி வீசின. நஞ்சுக்கொடியை நான்தான் வெறுங்கையால் எடுத்துப் போட்டேன். மூன்று வாரமாகச் சாயங்காலமானால் காய்ச்சல், வியர்வை, இடுப்பு வலி. மருத்துவர் புரூசெல்லா (ஆடு மாடுகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் கிருமி) பார்க்கச் சொன்னார். ஆய்வகத்தில் ரோஸ் பெங்கால், எலைசா, காய்ச்சல் பேக்கேஜ் என்று மூன்று சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: பேக்கேஜ் வேண்டாம். நீளமான பட்டியலில் உங்களுக்கு வேண்டிய புரூசெல்லா இல்லாமலே போகலாம்.

ரோஸ் பெங்காலில் தொடங்குங்கள். சாயமேற்றிய இறந்த கிருமிகள் கலந்த இளஞ்சிவப்புத் திரவம் ஒரு சொட்டு, உங்கள் சீரம் (ரத்தத்தில் பிரியும் தெளிந்த நீர்) ஒரு சொட்டு. வெள்ளைத் தட்டில் குச்சியால் கலந்து நான்கு நிமிடம் ஆட்டிப் பார்ப்பார்கள். கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள் இருந்தால் மணல் மணலாகத் திரியும், இல்லையென்றால் சீராகவே நிற்கும். எளிய சோதனைதான், ஆனால் முதல் வடிகட்டலுக்கு நல்லது.

திரிந்தால் நோய் உறுதி என்று ஆகிவிடாது. யெர்சினியா போன்ற வேறு கிருமிகள் தாக்கியிருந்தாலும் திரியும். அடுத்ததாகக் குழாய்ச் சோதனையோ (சீரத்தைப் படிப்படியாக நீர்த்துக் குழாய்களில் திரிகிறதா என்று பார்ப்பது) எலைசாவோ (எதிர்ப்புப் பொருளை நிறமாற்றத்தால் கண்டறிவது) தேவை. இங்கேதான் பணத்தைச் செலவிடுங்கள். எலைசா என்றால் ஐஜிஎம் (தொற்றின் தொடக்கத்தில் வரும் எதிர்ப்புப் பொருள்), ஐஜிஜி (பிறகு வந்து நீடிப்பது) இரண்டும் கேளுங்கள். நோய் ஆறிய பிறகும் ஐஜிஜி மாதக்கணக்கில் நிற்கும், அதை மட்டும் பார்த்தால் பழையதா புதியதா என்று தெரியாது. குழாய்ச் சோதனை என்றால் டைட்டர் எண் (சீரத்தை எத்தனை மடங்கு வரை நீர்த்தும் திரிகிறது என்பது) ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். 1:160-ம் அதற்கு மேலும் வந்தால் பெரும்பாலும் சந்தேகம் வலுக்கும். 'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லோடு வரும் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மருத்துவர் என்ன செய்வார்?

நெகட்டிவ் வந்தாலும் காய்ச்சல் நிற்கவில்லையென்றால் இரண்டு வாரம் கழித்து அதே ஆய்வகத்தில், அதே முறையில் மறுபடி பாருங்கள். எண் நான்கு மடங்கு ஏறினால் அது முக்கியமான தடயம்.

அப்புறம், மருத்துவர் ரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கச் சொன்னால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள். புரூசெல்லா சந்தேகம் என்பதையும் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். இந்தக் கிருமி வளர நாளாகும் என்பதால் அவசரப்பட்டு முடித்துவிடக் கூடாது. அதைவிட, தெரியாமல் கையாண்டால் அங்கே வேலை செய்பவர்களுக்கே தொற்றிவிடும்.

ஆடுகளையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை பாலைக் கொதிக்க வைக்காமல் வீட்டில் யாரும் குடிக்க வேண்டாம்.