துப்பாக்கி ஏந்தாத போதகருக்குப் போர்முனையில் என்ன வேலை?

சிற்றூர்ச் சபை ஒன்றை நடத்திவந்த போதகர், போர்க்காலத்தில் படைச் சாப்ளினாக, அதாவது படைவீரர்களுக்கு ஆன்மிகப் பணி செய்யும் குருவானவராக, புறப்பட்டுச் சென்றால், ஆயுதம் ஏந்தாத அவரால் அங்கே என்ன பயன் என்றும், அவர் அங்கே இருப்பதே போரை ஆசீர்வதிப்பது ஆகாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் உலகப் போரின் சாப்ளின்களைப் பற்றி நெடுநாளாகப் படித்துவருகிறேன். நான் கண்டவரையில், சிற்றூரில் வீடு வீடாகச் சென்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்த பழக்கம்தான் போர்முனையில் அவர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது. பிரசங்கத் திறமை அதற்கு அடுத்துத்தான் வருகிறது.

தியோடர் பேய்லி ஹார்டி இதற்கு நல்ல சான்று. பள்ளித் தலைமையாசிரியராக இருந்த அவர், 1913இல் வட இங்கிலாந்தின் வெஸ்ட்மர்லண்ட் பகுதியிலிருந்த ஹட்டன் ரூஃப் என்ற சிறு கிராமத்தின் ஆங்கிலிக்கன் குருவானவரானார். அடுத்த ஆண்டே மனைவியை இழந்தார். போர் மூண்டதும் சாப்ளினாகச் செல்ல விரும்பிய அவரை வயதைக் காட்டி மறுத்தார்கள். விடாமல் முயன்று, 1916இல் தமது 52ஆம் வயதில் படையில் சேர்ந்தார். போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தில் 117 சாப்ளின்களே இருந்தனர். போர் முடியும் தறுவாயில் அந்த எண்ணிக்கை மூவாயிரத்தைக் கடந்திருந்தது. எனவே, படை வாழ்க்கையை அறியாத ஊர்க் குருமார்கள்தான் அவர்களில் மிகப் பெரும்பான்மையினர்.

தொடக்க காலத்தில் சாப்ளின்கள் முன்வரிசைக்குப் போகாமல் பின்னால் தங்க வேண்டும் என்பதே மேலிடத்தின் எதிர்பார்ப்பாக இருந்தது. ஹார்டி பிரான்சுக்கு வந்து சேர்ந்தபோது, வீரர்கள் எங்கே போகிறார்களோ அங்கெல்லாம் நீங்களும் போங்கள், அவர்களோடு வாழுங்கள் என்று அவருக்கு ஆலோசனை கூறியவர், ஏற்கெனவே சாப்ளினாக இருந்த ஸ்டடர்ட் கென்னடி. ஹார்டி அதை அப்படியே கடைப்பிடித்தார். இரவில் பதுங்குகுழி பதுங்குகுழியாகச் சென்று, "நான்தான், பிள்ளைகளே" என்று குரல் கொடுத்தபடி வீரர்களின் நடுவே போய் உட்காருவார். பையில் சிகரெட்டும் இனிப்பும் இருக்கும். சபை மக்களின் வீடுகளுக்குச் சென்றுவந்த அதே மனிதர் அதே வேலையைத்தான் இங்கேயும் செய்தார் என்பது என் எண்ணம்.

சாப்ளினின் அன்றாட வேலையில் ஞாயிறு ஆராதனை ஒரு சிறு பகுதிதான். காயம்பட்டோரைக் கொண்டுவரும் முதலுதவி நிலையத்தில் கைகொடுப்பது, எழுத இயலாதவனுக்காகக் கடிதம் எழுதுவது, இறந்தவனை அடக்கம் செய்வது, அவன் எப்படி இறந்தான் என்று அவனுடைய தாய்க்குப் பொய் சொல்லாமலும் புண்படுத்தாமலும் எழுதுவது என்று அது நீண்டுகொண்டே போகும். இந்தக் கடைசி வேலையைவிடக் கடினமானது ஒன்றும் இருந்தது. படையைவிட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் தன் வீரர்களையே சுட்டுக்கொன்றது. அவர்களில் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு அளிக்கப்பட்டது. அப்படித் தண்டிக்கப்பட்டவனோடு விடியும்வரை விழித்திருக்கும் பொறுப்பும் சாப்ளினுக்கே வந்தது.

ஒருமுறை சேற்றில் இடுப்புக்கு மேல் புதைந்துபோன வீரன் ஒருவனை எவ்வளவு முயன்றும் வெளியே எடுக்க முடியவில்லை. மணிக்கட்டு முறிந்திருந்த நிலையிலும், அவன் உயிர் பிரியும்வரை ஹார்டி குண்டுமழையின் நடுவே அவனுடன் இருந்து, ஆறுதல் சொல்லிப் பணிவிடை செய்தார். அவரால் அவனைக் காப்பாற்ற முடியவில்லைதான். ஆயினும், போர்முனையில் போதகரால் என்ன பயன் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை. 1918 ஏப்ரலில், துப்பாக்கிச் சத்தம் கேட்டு ரோந்துப் படையைப் பின்தொடர்ந்த அவர், முன்வரிசைக்கு 400 கஜம் அப்பால் படுகாயமடைந்து கிடந்த அதிகாரி ஒருவரைக் கண்டு, உதவி கிடைக்கும்வரை அவரைவிட்டு நகரவில்லை. இதற்கும் அம்மாதத்தில் செய்த வேறு செயல்களுக்குமாக அவருக்குப் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அந்தப் போரில் மூன்று சாப்ளின்கள் மட்டுமே அவ்விருதைப் பெற்றனர்.

மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவரைத் தம் அரச சாப்ளின்களில் ஒருவராக நியமித்தார். அதை ஏற்றுத் தாயகம் திரும்பிவிடுவார் என்று பலர் எதிர்பார்த்தும், ஹார்டி தம் படைப்பிரிவை விட்டு வரவில்லை. அக்டோபரில் குண்டடிபட்டு, 18ஆம் தேதி பிரான்சின் ரூவான் நகரில் இறந்தார். போர் ஓய இன்னும் ஒரு மாதம்கூட இருக்கவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஜெர்மானிய வீரர்களின் இடுப்புவாரில் "கடவுள் நம்மோடு" என்று பொறித்திருந்தது. லண்டன் பேராயராக இருந்த வின்னிங்டன்-இங்ராமோ அந்தப் போரைப் புனிதப் போர் என்றே பிரசங்கித்தார். அந்தப் பிரசங்கங்களை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அவற்றின் பழியைச் சேற்றில் நின்ற சாப்ளின்மீதும் சுமத்துவது நியாயமன்று. ஸ்டடர்ட் கென்னடியும் ஆரம்பத்தில் போரை முழுமனதோடு ஆதரித்தவர்தான். வீரர்களோடு வாழ்ந்து அவர்களுடைய சாவை அருகிலிருந்து பார்த்த பிறகு, போரைக் கடுமையாகக் கண்டித்து எழுதியும் பேசியும் வந்த அவர், 1929இல் இறக்கும்வரை அந்த நிலைப்பாட்டிலிருந்து மாறவில்லை.