பரிசு விழாத சீட்டுகள்: அமெரிக்கக் கல்லூரி லாட்டரி பற்றி உங்கள் கேள்விகள்

பழைய அமெரிக்கக் கல்லூரி லாட்டரிச் சீட்டுகளைச் சேர்க்கிறேன் என்று நான் சொன்னதும் வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

சார், லாட்டரி போட்டா கல்லூரி கட்டினார்கள்? நம்பவே முடியவில்லை.

அதுவும் இன்று பெயர் சொன்னாலே ஊர் அசரும் கல்லூரிகள். கடன் கொடுக்க வங்கிகள் அரிதாக இருந்த காலம். வரி போட்டால் ஜனங்கள் கொதிப்பார்கள். சட்டசபைக்கு இருந்த சுலபமான வழி, "லாட்டரி நடத்திக்கொள்ளுங்கள்" என்று அனுமதிச் சட்டம் போட்டுக் கொடுப்பதுதான். நியூயார்க்கில் ஒரு கல்லூரி வேண்டும் என்று 2,250 பவுண்டு திரட்ட 1746-ல் அப்படி ஒரு சட்டம் வந்தது. 1754-ல் தொடங்கிய கிங்ஸ் காலேஜ், அதாவது இன்றைய கொலம்பியா, அந்த வழியில் வந்ததுதான். யேலின் கனெக்டிகட் ஹால் கட்டிடத்திலும் லாட்டரிக் காசு இருக்கிறது. ஹார்வர்டில் ஸ்டவ்டன், ஹோல்வொர்தி என்ற இரண்டு விடுதிகளும் அப்படித்தான். மூன்று கட்டிடங்களும் இன்னும் நிற்கின்றன.

வசூலானதையெல்லாம் பரிசாகக் கொடுத்துவிட்டால் கல்லூரிக்கு என்ன மிஞ்சும்?

பிடித்தம்தான். பரிசுத் தொகையில் பன்னிரண்டரை அல்லது 15 சதவீதம் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். 15 சதவீதப் பிடித்தம் என்றால், 100 டாலர் விழுந்தவர் கையில் 85 டாலர்தான் சேரும். சீட்டெல்லாம் விற்றால்தான் இந்தக் கணக்கு சரிவரும். விற்காமல் தேங்கினால் நடத்தியவர் தலையில் விழும். 1794-ல் நடந்த லாட்டரியில் ஹார்வர்டே தன் கையில் சீட்டுகளை வைத்திருந்தது. 10,000 டாலர் முதல் பரிசு அதில் ஒன்றுக்கே விழுந்தது! இன்றைக்கு அப்படி நடந்தால் யாராவது சும்மா விடுவார்களா?

பரிசு விழுந்த சீட்டு ஏதாவது உங்களிடம் இருக்கிறதா அண்ணா?

இல்லை. விழுந்த சீட்டைக் கொடுத்துத்தான் பணம் வாங்க வேண்டும். வாங்கியதும் அதை ரத்து செய்துவிடுவார்கள். நம் கைக்கு வருவதில் பெரும்பாலானவை யாரோ ஏமாந்து, மேசை அறையிலோ பைபிளுக்குள்ளோ போட்டு மறந்தவை. "பரிசு பெற்ற சீட்டு" என்று விலையை ஏற்றிச் சொன்னால் இரண்டு முறை யோசியுங்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நானே ஏமாந்திருக்கிறேன். முதலில் வாங்கியது மஞ்சள் நிறத்தில் மொடமொடவென்று இருந்தது. பழமையின் அழகு என்று நினைத்து மகிழ்ந்துபோனேன். அப்புறம் பார்த்தால் அது நினைவுப்பொருள் கடைகளில் கட்டுக்கட்டாக விற்கும் நகல்.

அசல் காகிதம் கந்தல் துணியிலிருந்து செய்தது. இருநூறு வருஷம் ஆகியும் மெத்தென்று வளையும், நொறுங்காது. அச்சு எழுத்து காகிதத்தில் அழுந்தியிருக்கும், பின்பக்கம் விரல் வைத்தால் தெரியும். சீட்டு எண்ணும் கையெழுத்தும் பேனாவால் எழுதியவை. அந்த மை காலப்போக்கில் பழுப்பாகியிருக்கும். பல சீட்டுகளின் இடது ஓரம் நேராக இருக்காது. பூவேலைப்பாட்டின் நடுவே வளைந்து வளைந்து வெட்டியிருப்பார்கள். பரிசு கேட்டு வரும்போது, நடத்தியவரிடம் தங்கிய மீதித் துண்டான அடிக்கட்டையோடு பொருத்திப் பார்ப்பதற்காக அப்படி. ஓரம் கச்சிதமாக இல்லையே என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். புற ஊதா விளக்கில் காகிதம் பளீரென்று நீல வெள்ளையாக மின்னினால், பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

என் சீட்டில் ஒரே எண்ணுக்குப் பதிலாக மூன்று எண்கள் இருக்கின்றன. அச்சுப்பிழையா?

பிழை இல்லை. 1820-களில் பரவிய புது முறை அது. அதற்கு முன் இரண்டு சக்கரப் பெட்டிகள் வைத்து, ஒன்றில் சீட்டு எண்ணும் மற்றதில் பரிசும் எடுப்பார்கள். குலுக்கல் நாள்கணக்கில் இழுக்கும். மூன்றெண் முறையில் சில எண்களை எடுத்தாலே எல்லாச் சீட்டின் கதையும் முடிந்துவிடும். உங்கள் சீட்டின் அடியில் யேட்ஸ், மெக்கின்டைர் என்ற லாட்டரி ஒப்பந்தக்காரர்களின் பெயர்கள் இருக்கிறதா பாருங்கள்.

இருந்தால், அது பெரும்பாலும் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் காலேஜ் கதையோடு சேர்ந்தது. அதன் தலைவர் எலிஃபலட் நாட், சட்டசபையில் ஆள் பிடிப்பதில் கெட்டிக்காரர். 1814-ல் நியூயார்க் போட்ட சட்டத்தில் தன் கல்லூரிக்கு 2,00,000 டாலர் வாங்கிவிட்டார். கொலம்பியாவுக்குக் காசு இல்லை. ஆறுதலுக்கு மன்ஹாட்டனில் ஒரு பழைய தாவரத் தோட்டத்தைக் கொடுத்தார்கள். சுமார் 20 ஏக்கர், அன்று யாருக்கும் வேண்டாத நிலம். பின்னாளில் அதன்மேல்தான் ராக்ஃபெல்லர் சென்டர் எழுந்தது. 1985-ல் அந்த நிலத்தைக் கொலம்பியா 40 கோடி டாலருக்கு விற்றது. அந்த லாட்டரியில் உண்மையில் பரிசு விழுந்தது யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

"லிட்டரேச்சர் லாட்டரி" என்று போட்டிருக்கிறதே, கவிதைப் போட்டியா?

ஹா ஹா, இல்லை. அன்றைய வழக்கில் அந்தச் சொல் கல்வியைக் குறித்தது. கல்லூரி, பள்ளிகளுக்கான லாட்டரி.

இதில் மோசடி நடக்கவில்லையா?

நடக்காமலா? 1818-ல் நியூயார்க்கில் மருத்துவக் கல்விக்கு நடந்த லாட்டரியில் தில்லுமுல்லு என்று சார்லஸ் பால்ட்வின் என்ற பத்திரிகையாளர் எழுதினார். அவர்மேல் அவதூறு வழக்கு போட்டார்கள். குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. லாட்டரிமேல் இருந்த நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. 1833-ல் நியூயார்க், மாசசூசெட்ஸ், பென்சில்வேனியா மூன்றுமே தடைக்குப் போய்விட்டன.

லேமினேட் செய்து வைக்கலாமா ஐயா?

வேண்டவே வேண்டாம். செலோ டேப்பும் கூடாது. மைலார் (ஒருவகைத் தெளிவான பாலியெஸ்டர்) உறையில் போட்டு வெளிச்சம் படாமல் வையுங்கள், போதும்.

ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்ட சீட்டு வாங்க ஆசை.

ஆசைப்படலாம். ஆனால் 1768-ஆம் ஆண்டின் அந்தச் சீட்டுகள் மலைச்சாலை போடுவதற்கு. கல்லூரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விலையோ ஆயிரக்கணக்கான டாலர்.

புதிதாகத் தொடங்குகிறேன். ஒரே ஒரு சீட்டு என்றால் எது?

ஹோல்வொர்திக்காக நடந்த ஹார்வர்ட் லாட்டரிச் சீட்டு. எந்த ஆண்டுச் சட்டத்தின்படி என்பதுவரை (1806) சீட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். முழுச் சீட்டுக்குக் காசு போதாதென்றால் கால் சீட்டு, அரைக்கால் சீட்டு என்று கூறுபோட்டு விற்ற லாட்டரிகளும் உண்டு, அவற்றைத் தேடுங்கள். என்னிடம் இருக்கும் ஒரு கால் சீட்டின் பின்பக்கம், வாங்கியவர் பென்சிலால் கூட்டல் கணக்கு போட்டிருக்கிறார். கூட்டல் தப்பு.