பேராதனையா, ஊவா வெல்லஸ்ஸவா? விலங்கு விஞ்ஞானம் பற்றிய கேள்வி பதில்

உயர்தர உயிரியல் பிரிவுப் பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் மாணவர்களும் பெற்றோரும் கேட்டவை இவை. பதில் சொல்பவர் தீவனத் துறையில் வேலை செய்யும் விலங்கு விஞ்ஞானப் பட்டதாரி.

கிளிநொச்சி மாணவி: அண்ணா, பேராதனை, ஊவா வெல்லஸ்ஸ இரண்டு பல்கலைக்கழகத்திலும் விலங்கு விஞ்ஞானம் இருக்கிறது. எதை முதலில் போடலாம்?

பெயர்தான் ஒன்று, தங்கச்சி. பேராதனையில் அது விவசாய பீடத்துப் பட்டம். கால்நடையோடு மீன்பிடியும் சேர்ந்தே வரும். பதுளையில் இருக்கும் ஊவா வெல்லஸ்ஸவில் மீன் பக்கத்துக்கு நீர்வாழ் வளத் தொழில்நுட்பம் என்று தனிப் பட்டமே உண்டு. அதனால் அங்கே மாடு, ஆடு, கோழி, பால், இறைச்சி என்று ஒரே பாதையில் போகலாம். 2005இல் தொடங்கிய காலத்திலிருந்தே அந்தப் பல்கலைக்கழகம் பெறுமதி சேர்த்தலைத் தன் அடையாளமாக வைத்திருக்கிறது. பாலைக் கறந்து விற்பதோடு நிற்காமல் யோகட்டாக, சீஸாக மாற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகும் புத்தி அங்கே சீக்கிரம் வரும்.

பேராதனையின் பலம் அதன் அயல். ஒரே வளாகத்தில் மிருக வைத்திய பீடம், விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவனம். மகாவலிக்கு அப்பால் கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம். கெட்டம்பேயில் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம். இறுதி வருட ஆய்வுக்கு ஒரு தலைப்பை எடுத்தால், அதில் தலைநரைத்த யாராவது ஒருவர் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கும் தூரத்தில் இருப்பார். ஆராய்ச்சி, மேற்படிப்பு என்று எண்ணம் இருந்தால் பேராதனை. பால் தொழிற்சாலை, சொந்தப் பண்ணை என்றால் ஊவா. இன்னும் முடிவில்லை என்றாலும் நான் பேராதனை என்றுதான் சொல்வேன். பிறகு திசை மாற அங்கே வழி கூட.

மட்டக்களப்புத் தந்தை: மகனுக்கு மிருக வைத்தியராக ஆசை. புள்ளி காணாது போலிருக்கிறது. இதைப் படித்துவிட்டு அந்தப் பக்கம் போகலாமா?

போக முடியாது ஐயா. மிருக வைத்தியம் வேறு பட்டம், வேறு பீடம், வேறு வெட்டுப்புள்ளி (இடம் கிடைக்கத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி). அந்தப் பட்டம் இல்லாமல் மிருக வைத்தியராகப் பதிய முடியாது. ஒரு மாட்டுக்குப் பால் குறைந்தால் வைத்தியர் மடிநோயா என்று பார்ப்பார். நாங்கள் அது என்ன தின்கிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, கொட்டில் எவ்வளவு சூடு என்று பார்ப்போம். இந்த வேலை அவனுக்குப் பிடிக்குமா என்று கேளுங்கள். பிடிக்காது என்றால், உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் தடவை மிச்சமிருந்தால் திரும்ப எழுதட்டும். ஏமாற்றத்தோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நாலு வருடம் இழுபடும்.

யாழ்ப்பாண மாணவன்: நாங்கள் சுத்த சைவம். இறைச்சிப் பாடத்தைத் தவிர்க்கலாமா?

முழுதாகத் தவிர்க்க முடியாது தம்பி. கோழி உரிப்பதையும் இறைச்சி வெட்டுவதையும் செய்முறையில் பார்க்க வேண்டி வரும். சாப்பிடச் சொல்லி ஒருவரும் வற்புறுத்தப் போவதில்லை. ஆய்வுக்குத் தீவனம், இனவிருத்தி, பால் என்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் இதை இப்பவே சொல்லிவிடு. முதல் செய்முறைக்குப் பிறகு அம்மாவுக்குத் தெரியவந்தால் வில்லங்கம்.

பசறை மாணவி: தமிழில் படித்தேன். ஆங்கிலம்?

இரண்டிலும் ஆங்கிலம்தான். முதல் வருடம் எல்லோரும் தடுமாறுவார்கள், பயப்படாதீர்கள். சிங்களத்தையும் விடாதீர்கள். பயிற்சிக்குப் போகும் பண்ணையில் மாடு பார்ப்பவரோடு பேச அதுதான் உதவும்.

செங்கலடித் தாய்: எது எங்களுக்குக் கிட்ட?

பதுளைதான் அக்கா. உங்கள் ஊரில் தொடங்கும் ஏ5 வீதி பிபிலை, பதுளை, நுவரெலியா வழியாகப் பேராதனையில் முடிகிறது. ஒரே ரோட்டில் இரண்டு கம்பஸும்! தூரம்தான் கவலை என்றால் பக்கத்து வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறதே. வடக்குப் பிள்ளைகளுக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம். இரண்டிலும் விவசாயப் பட்டத்துக்குள் விலங்கு விஞ்ஞானம் படிக்கலாம்.

வவுனியா மாணவன்: வேலை கிடைக்குமா?

தனியார் பக்கம் கிடைக்கும்: தீவன ஆலை, குஞ்சு பொரிப்பகம், பால் சேகரிப்பு, தரக் கட்டுப்பாடு. மொனராகலைப் பக்கம் பெல்வத்தை, நுவரெலியாப் பக்கம் அம்பேவளை என்று பெரிய பால் நிறுவனங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஊரை விட்டுப் போக வேண்டும், விடியற்காலை வேலை. அரசாங்க வேலைதான் வேண்டும் என்றால் பொறுமை தேவை. அதற்காகக் காத்திருந்து பிறகு குறை சொல்லாதே. எந்தக் கம்பஸ் என்பதை விட எங்கே பயிற்சி எடுத்தாய் என்றுதான் நேர்முகத்தில் கேட்பார்கள்.

மன்னார் மாணவி: போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்து வரிசையை மாற்றட்டுமா?

வேண்டாம். மேலே போட்டது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். அதனால் ஒரு நட்டமும் இல்லை. கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போட்டால்தான் ஆபத்து, அதுவே கிடைத்துவிடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கையேட்டில் இரண்டுக்கும் பாடத் தகைமை தனித்தனியாகப் போட்டிருக்கும். அதை மட்டும் இரண்டு தரம் வாசித்துவிட்டு நிரப்புங்கள்.